ஆடாத ஆட்டத்துக்கு ஒரு தொப்பி: 1925இல் ஜாக் லெஸ்லிக்கு என்ன நடந்தது?

2023 மார்ச் 26ஆம் தேதி லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தும் உக்ரைனும் மோதின. ஐரோப்பியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று ஆட்டம். ஹாரி கேனும் புகாயோ சாகாவும் ஆளுக்கொரு கோல் போட, இங்கிலாந்து 2-0 என்று வென்றது. அன்றைக்கு ஆட்டத்துக்கு முன்னால் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியும் செய்தியானது. இங்கிலாந்து கால்பந்து சங்கம் ஒரு குடும்பத்தாரை அழைத்து, தேசிய அணியின் தொப்பியை அவர்களிடம் கொடுத்தது. தொப்பிக்கு உரியவர் அவர்களுடைய தாத்தா ஜாக் லெஸ்லி. 1988லேயே இறந்துவிட்டவர். இங்கிலாந்துக்காக ஒரு நிமிடம்கூட ஆடாதவர்.

செய்தியைப் படித்தவர்களுக்குச் சில கேள்விகள் எழுவது இயல்பு. ஆடாதவருக்கு எப்படித் தொப்பி? அவரைத் தேர்ந்தெடுத்தார்களா, இல்லையா? தோல் நிறத்தைப் பார்த்துத்தான் நீக்கினார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? இங்கிலாந்துக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர் இனி இவர்தானா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அந்தக் காலக் கால்பந்து: நான்கு அடிப்படைகள்

1. தொப்பி. கிரிக்கெட்டில் முதல் டெஸ்ட் ஆடுகிறவருக்குத் தொப்பி கொடுப்பதை டிவியில் பார்த்திருப்போம். கால்பந்திலும் அதே வழக்கம்தான். ஆனால் கணக்கு வேறு. நாட்டுக்காக ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு தொப்பி. 'ஐம்பது தொப்பி வாங்கியவர்' என்றால் ஐம்பது சர்வதேச ஆட்டம் ஆடியவர் என்று பொருள். இங்கிலாந்தில் 1886 முதல் இந்த வழக்கம் இருக்கிறது.

2. ரிசர்வ். இன்றைக்கு ஓர் ஆட்டத்தில் நாலைந்து பேரை மாற்றிக்கொள்ளலாம். 1925இல் மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே கிடையாது. இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் அது வந்தது 1965இல்தான். அப்போது ரிசர்வ் என்றால், ஆட்டத்துக்கு முன் யாருக்காவது காய்ச்சலோ காயமோ வந்தால் இறக்குவதற்காக அணியோடு கூட்டிப்போகும் ஆள். எல்லோரும் நலமாக இருந்தால் அவர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். தொப்பியும் கிடைக்காது.

3. தேர்வுக் குழு. தேசிய அணிக்கு அப்போது மேனேஜர் இல்லை. கால்பந்து சங்கத்தின் சர்வதேசத் தேர்வுக் குழு கூடி, பெயர்களை முடிவு செய்து, பட்டியலை வெளியிடும். 1946இல் வால்டர் விண்டர்பாட்டம் மேனேஜராக வந்த பிறகும் அணியை முடிவு செய்தது குழுதான். ஆல்ஃப் ராம்சே 1963இல் பொறுப்பேற்றபோதுதான் அந்த அதிகாரம் முழுதாக மேனேஜர் கைக்குப் போனது. யாரை ஏன் எடுத்தோம், யாரை ஏன் விட்டோம் என்று குழு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையில் வரப்போகும் எல்லாவற்றுக்கும் சாவி இந்த மூன்றாவது அம்சத்தில்தான் இருக்கிறது.

4. ஆட்டங்களின் எண்ணிக்கை. உலகக் கோப்பை இன்னும் பிறக்கவில்லை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகியவற்றோடு ஆண்டுக்கு ஒருமுறை மோதுவதுதான் பெரிய விஷயம். அதற்கு மேல் ஒன்றிரண்டு ஆட்டங்கள். ஆகவே ஒரு தொப்பி என்பது அப்போது சாமானியமாகக் கிடைக்கிற பொருள் அல்ல. கையிலிருந்து நழுவினால் அடுத்த வாய்ப்புக்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது.

யார் இந்த லெஸ்லி?

1901 ஆகஸ்டில் கிழக்கு லண்டனின் கேனிங் டவுனில் பிறந்தார். தேம்ஸ் துறைமுகத்தை ஒட்டிய உழைப்பாளிகள் பகுதி அது. அப்பா ஜமைக்காவிலிருந்து வந்தவர், அம்மா ஆங்கிலேயர். லெஸ்லி கற்ற தொழில் கொதிகலன் செய்வது. பந்தாட்டம் அதற்குப் பக்கத்தில் நடந்தது. பார்க்கிங் டவுன் என்ற உள்ளூர் அணியில் கோல் மேல் கோலாகப் போட்டுக்கொண்டிருந்தவரை, 1921இல் பிளிமத் ஆர்கைல் அணி தொழில்முறை வீரராக எடுத்துக்கொண்டது.

பிளிமத் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கடற்படைத் துறைமுக நகரம். லண்டனிலிருந்து அன்றைய விரைவு ரயிலில் போனாலும் சுமார் நாலு மணி நேரம் ஆகும். அந்த அணி அப்போது லீக்கின் மூன்றாம் படியான மூன்றாம் டிவிஷனின் தெற்குப் பிரிவில் ஆடியது. அந்தப் பிரிவில் ஒரு கொடுமை உண்டு: முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டும்தான் மேலே போக அனுமதி. 1921-22 முதல் 1926-27 வரை வரிசையாக ஆறு ஆண்டுகள் ஆர்கைல் இரண்டாமிடம் பிடித்தது. முதல் முறை சவுதாம்டனும் ஆர்கைலும் சமப் புள்ளி. கோல் விகிதத்தில் (போட்ட கோலை வாங்கிய கோலால் வகுத்த கணக்கு) கோட்டை விட்டார்கள். 1925-26இல் 107 கோல் போட்டும் ரெடிங் அணி ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் முந்திக்கொண்டது. இப்படி ஒரு துரதிர்ஷ்டத்தை வேறெங்கும் பார்ப்பது கடினம். கடைசியில் 1929-30இல்தான் முதலிடம் பிடித்து இரண்டாம் டிவிஷனுக்குப் போனார்கள்.

இவ்வளவு காலமும் அணியில் நிலைத்து நின்றவர் லெஸ்லி. சுமார் 400 ஆட்டம், 137 கோல். அணித் தலைவராகவும் இருந்தார். இந்த எண்ணிக்கையைச் சரியாகப் புரிந்துகொள்ள அவர் நின்ற இடம் தெரிய வேண்டும். அக்காலத்தில் அணிகள் முன்வரிசையில் ஐந்து பேரை நிறுத்தும்: இரு ஓரங்களிலும் இருவர், நட்ட நடுவில் சென்டர் ஃபார்வர்ட், அவருக்கு இரு பக்கமும் ஒவ்வொருவர். லெஸ்லி இடது பக்க உள்முன்கள வீரர். இன்றைக்கு நாம் ஸ்ட்ரைக்கர் என்று சொல்வோம். ஆனால் அன்றைய இந்த வேலையில் பந்தைக் கொண்டு வருவதும் பங்கிடுவதும் பாதி, அடிப்பது மீதி. அவருக்கு இடப்பக்கம் ஓரத்தில் சாமி பிளாக் என்ற சிறிய உருவம் கொண்ட வீரர். பிளாக் ஆர்கைலுக்காக 180க்கும் மேல் கோல் போட்டவர். அந்த அணியின் சாதனை இன்னும் அவருடையதுதான். அந்த கோல்களில் கணிசமானவை லெஸ்லியின் காலிலிருந்து கிளம்பியவை. நடுவில் நின்று முடித்துவைக்கும் வேலை மட்டும் பார்க்காத ஒருவருக்கு 137 கோல் என்பது பெரிய கணக்கு.

இங்கே ஒரு இடைச்செருகல். லெஸ்லி 'இங்கிலாந்தின் முதல் கறுப்பினத் தொழில்முறை வீரர்' என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அது தவறு. 1880களிலேயே ஆர்தர் வார்ட்டன் இருந்தார், இன்றைய கானாவின் ஆக்ராவில் பிறந்த கோல்கீப்பர். 1909இல் டோட்டனாமில் வால்டர் டல் முன்கள வீரராக ஆடினார். அதற்கெல்லாம் முன்பே, 1881இல் ஆண்ட்ரூ வாட்சன் ஸ்காட்லாந்து அணிக்கே தலைவராக லண்டனுக்கு வந்து இங்கிலாந்தை 6-1 என்று அடித்துவிட்டுப் போனார்; அவரும் கறுப்பினத்தவர்தான். லெஸ்லியின் முன்னோடித் தன்மை வேறு இடத்தில் இருக்கிறது: இங்கிலாந்து தேசிய அணியின் வாசல்வரை போன முதல் கறுப்பினத்தவர் அவர்.

1925 அக்டோபர்

அக்டோபர் 24ஆம் தேதி பெல்ஃபாஸ்டில் அயர்லாந்தோடு இங்கிலாந்து ஆட வேண்டும். மாதத் தொடக்கத்தில் தேர்வுக் குழு கூடியது. மறுநாள் பத்திரிகைகளில் வந்த அணிப் பட்டியலில், ரிசர்வ் வீரராக லெஸ்லியின் பெயர் இருந்தது. ஆர்கைல் மேனேஜர் பாப் ஜாக் அவரை அறைக்குக் கூப்பிட்டு, இங்கிலாந்துக்கு உன்னை எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னாராம். மூன்றாம் டிவிஷன் அணியிலிருந்து ஒருவர் தேசிய அணிக்குப் போகிறார் என்றால் ஊருக்கே திருவிழா மாதிரி. லெஸ்லியும் தலைகால் புரியாமல் இருந்திருக்கிறார்.

சில நாளில் நிலைமை மாறியது. அடுத்து வந்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஊரில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தானாகப் போய்க் கேட்கவும் அவருக்கு மனம் வரவில்லை. மற்றவர்கள் முகத்தில் தெரிந்த சங்கடமே போதுமானதாக இருந்தது என்று பல காலம் கழித்துச் சொன்னார்.

அக்டோபர் 24 வந்தது. பெல்ஃபாஸ்டில் இங்கிலாந்து ஒரு கோல்கூடப் போட முடியாமல் 0-0 என்று சமன் செய்தது. அதே நாளில் பிளிமத்தில் ஆர்கைல் 7-2 என்று போர்ன்மத்தை வென்றது. லெஸ்லி இரண்டு கோல் போட்டார்.

1978இல், 77 வயதை நெருங்கியபோது, ஒரு பத்திரிகையாளரிடம் அவர் மனம் திறந்தார். தான் கறுப்பினத்தவன் என்பதைக் குழுவினர் மறந்துவிட்டிருக்க வேண்டும் என்றார். அதிகாரபூர்வமாக யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் வேறு காரணம் இருக்க முடியாது என்றார். பெயர் வெளியான பிறகு சங்கத்து ஆட்கள் தன்னைப் பார்க்க வந்ததாகவும், அவர்கள் பார்த்தது ஆட்டத்தை அல்ல, முகத்தை என்றும் சுற்றிவளைத்து வந்த செய்தியாகச் சொன்னார்.

வேறு காரணம் இருந்திருக்கலாமா?

நேர்மையான கேள்வி. 'உன் நிறத்துக்காக நீக்குகிறோம்' என்று எழுதிய காகிதம் எதுவும் கிடையாது. ஆகவே மற்ற சாத்தியங்களை ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்க்க வேண்டும்.

1. 'பத்திரிகைக்காரர்கள் தவறாகப் போட்டிருப்பார்கள்.' இது முடியாத காரியமல்ல. சங்கத்தின் இறுதி ஆவணங்களில் லெஸ்லியின் பெயர் இல்லை என்பதும் இந்த வாதத்துக்குச் சாதகம். ஆனால் ஒரே பெயரை, அதுவும் யாரும் எதிர்பார்க்காத மூன்றாம் டிவிஷன் வீரரின் பெயரை, பல பத்திரிகைகள் போட்டிருக்கின்றன. ஆர்கைல் அணி மேனேஜரும் அதை நம்பி வீரரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அச்சுப்பிழை என்றால் சிரித்துவிட்டுக் கடந்திருக்கலாம். ஊர் முழுக்க வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டிய தேவை இல்லை.

2. 'மூன்றாம் டிவிஷன் வீரரை யார் எடுப்பார்கள்?' பார்த்தவுடன் வலுவாகத் தோன்றும் வாதம் இதுதான். ஆனால் அதே 1925ஆம் ஆண்டு பிப்ரவரியில், அதே தெற்குப் பிரிவில் ஆடிய பிரைட்டன் அணியின் டாமி குக், வேல்ஸுக்கு எதிராக இங்கிலாந்துக்கு ஆடியிருக்கிறார். ரிசர்வாக அல்ல, களத்திலேயே. எட்டு மாதம் முன்பு குக்குக்குத் தடையாக இல்லாத டிவிஷன் லெஸ்லிக்கு மட்டும் திடீரென்று தடையாகுமா? என் பார்வையில் இந்த ஒரு ஒப்பீடே இந்த வாதத்தை முடித்துவிடுகிறது. குக் வெள்ளையர்.

3. 'காயம்பட்டிருப்பார் அல்லது ஆட்டம் சரிந்திருக்கும்.' ஆட்ட நாளன்று அவர் போட்ட இரண்டு கோல்கள் இதற்குப் பதில். அந்தப் பருவத்தில்தான் ஆஃப்சைடு விதி மாறியிருந்தது. பந்து முன்னால் போகும்போது தாக்கும் வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே மூன்று எதிரணி வீரர்கள் இருக்க வேண்டும் என்பது இரண்டாகக் குறைந்தது. எல்லா இடத்திலும் கோல் மழை. அந்த மழையில் நன்றாக நனைந்த அணிகளில் ஆர்கைல் ஒன்று.

4. 'அடுத்த முறை எடுத்திருக்கலாமே?' எடுக்கவில்லை என்பதுதான் விஷயம். ஆர்கைல் இரண்டாம் டிவிஷனுக்குப் போய், 1931-32இல் நான்காம் இடம் பிடித்தது. லெஸ்லி அப்போதும் ஆடிக்கொண்டிருந்தார். ரிசர்வாகக்கூட அவர் பெயர் மறுபடி வரவில்லை. தவறுதலாக விட்டுப்போன பெயர் என்றால் எப்போதாவது திரும்பி வந்திருக்கும்.

லெஸ்லி சொன்ன கதையிலும் ஒரு பலவீனம் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. அவர் நான்கு ஆண்டாகத் தொழில்முறை வீரர். பத்திரிகைகள் அவர் நிறத்தை அடிக்கடி குறிப்பிட்டு எழுதிய காலம் அது. தேர்வுக் குழுவில் ஒருவருக்குக்கூடத் தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்தவர்கள் சிலர் இருந்து, அவர்கள் பெயரைச் சேர்த்து, மற்றவர்கள் பிறகு எதிர்ப்புச் சொல்லி எடுத்திருக்கலாம் என்பதே எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. அப்படியானால் 'மறந்துவிட்டார்கள்' என்பது சரியில்லை. ஆனால் நீக்கிய காரணம் மாறவில்லை.

எழுதாத தடை

இதே காலத்தில் பிரிட்டனின் மற்றத் துறைகள் எப்படி இருந்தன என்று பார்த்தால் கால்பந்தில் நடந்தது இன்னும் தெளிவாகும்.

ராணுவத்தில் விதி எழுத்திலேயே இருந்தது. ஐரோப்பிய வம்சாவளியில் வராதவர்கள் அதிகாரியாக முடியாது என்று 1914ஆம் ஆண்டு ராணுவச் சட்டக் கையேடு சொன்னது. முதல் உலகப் போரில் வால்டர் டல் அதை மீறி அதிகாரியாக்கப்பட்டார். 1918 மார்ச்சில் போர்முனையிலேயே இறந்தார். குத்துச்சண்டையிலும் எழுத்துதான். பிரிட்டிஷ் பட்டத்துக்கு மோத வேண்டுமென்றால் தாய் தந்தை இருவருமே வெள்ளையராக இருக்க வேண்டும் என்ற விதி 1948 வரை நீடித்தது. லெஸ்லி குத்துச்சண்டை வீரராக இருந்திருந்தால், அப்பாவைக் காட்டி நேரடியாகவே மறுத்திருப்பார்கள்.

1925ஐயே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் வேலை செய்த வெள்ளையரல்லாத கடலோடிகள், தாங்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் என்று ஆவணம் காட்ட முடியாவிட்டால் அந்நியராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அரசு உத்தரவு போட்ட ஆண்டு அதுதான். ஆறு ஆண்டு முன்பு, 1919இல், லிவர்பூல், கார்டிஃப், லண்டன் துறைமுகப் பகுதிகளில் கறுப்பினத்தவர் மீது கும்பல்கள் தாக்குதல் நடத்தின. லெஸ்லி வளர்ந்த தெருக்களும் அந்தப் பகுதியில்தான் இருந்தன.

கால்பந்து சங்கத்துக்கு இப்படி ஒரு விதி எழுத வேண்டிய அவசியமே இல்லை. மூடிய அறையில் ஒரு குழு கூடுகிறது, பெயர் சேர்க்கிறது, எடுக்கிறது, காரணம் பதிவதில்லை, கேட்க மேல்முறையீட்டு மன்றம் இல்லை. எழுதிய தடையை எதிர்த்துப் போராடலாம், மாற்றச் சொல்லலாம். குத்துச்சண்டையில் 1948இல் அதுதான் நடந்தது. எழுதாத தடையை எங்கே போய்க் காட்டுவது? ஆதாரம் எங்கே என்று நூறு ஆண்டு கழித்தும் கேட்க முடிகிறதென்றால் அந்த ஏற்பாட்டின் வசதி அதுதான்.

வேல்ஸ் பக்கம் ஒரு பார்வை. இங்கிலாந்து லீக்கில் பிராட்ஃபோர்ட் பார்க் அவென்யூ அணியில் ஆடிய எடி பாரிஸ் என்ற கறுப்பின வீரரை வேல்ஸ் 1931 டிசம்பரில் தேசிய அணிக்கு இறக்கியது. அதே லீக், அதே காலம், எல்லைக்கு அந்தப் பக்கம். 'அந்தக் காலமே அப்படித்தான்' என்று பொதுவாகச் சொல்லி நழுவ முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தொப்பி போனால் என்ன போச்சு?

அன்றைய கால்பந்து வீரருக்குப் பணம் பெரிதாக இல்லை. 1922 முதல் ஒரு வீரருக்கு வாரத்துக்கு அதிகபட்சம் 8 பவுண்டு. எவ்வளவு கோல் போட்டாலும் அதற்கு மேல் கிடையாது. உச்சவரம்பு என்ற முறையே 1961இல்தான் நீங்கியது. வேறு அணிக்குப் போகலாம் என்றால், வீரரின் பதிவு அணியின் கையில். அணி விடாவிட்டால் நகர முடியாது. இந்த நிலையில் ஒரு வீரரின் பெயர் ஊர் தாண்டிப் பரவவும், காலம் கடந்து நிற்கவும் ஒரே வழி தேசிய அணிதான். அது பறிபோனதும் லெஸ்லி பிளிமத்துக்காரர்களின் நினைவில் மட்டும் தங்கினார்.

கடைசிப் பருவங்களில் கண்ணில் பட்ட அடி அவர் ஆட்டத்தை முடித்துவைத்தது. அக்காலப் பந்து தோல் பந்து; வாயைக் கயிற்றால் தைத்துக் கட்டியிருப்பார்கள். ஈரத்தில் ஊறிய பந்தின் அந்தக் கயிறு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று ஊகிக்கலாம். 1930களின் நடுவில் ஓய்வு பெற்றுப் பிறகு லண்டனுக்குத் திரும்பி, பழைய கொதிகலன் வேலைக்கே போனார்.

வயதான பிறகு, 1960களில், கிழக்கு லண்டனின் வெஸ்ட் ஹாம் அணியில் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. வீரர்களின் பூட்ஸ்களைத் துடைத்துத் தயார்செய்யும் வேலை. பாபி மூர், ஜெஃப் ஹர்ஸ்ட், மார்ட்டின் பீட்டர்ஸ் என்று 1966 உலகக் கோப்பையை வென்ற மூவரின் பூட்ஸும் அவர் கையில் வந்து போயின. இதை ஒரு சோக முடிவாக எழுதுவது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை; அவருக்கு அந்த வேலை பிடித்திருந்தது, மைதானத்தை விட்டு விலகாமல் இருக்க முடிந்தது என்பதும் உண்மை. பிரச்சினை வேலையில் இல்லை. நானூறு ஆட்டம் ஆடிய ஒருவர் தங்கள் பூட்ஸைத் துடைக்கிறார் என்பது அங்கிருந்த பலருக்குத் தெரியாமலே போனது என்பதில்தான்.

அந்தப் பூட்ஸ்களில் ஒரு ஜோடி கிளைடு பெஸ்டுடையது. பெர்முடாவிலிருந்து 1968இல் பதினேழு வயதில் வந்த கறுப்பின ஸ்ட்ரைக்கர். உயர்மட்ட டிவிஷனில் தொடர்ந்து ஆடி, தொலைக்காட்சியில் இங்கிலாந்து முழுக்கத் தெரிந்த முகமானவர். மைதானத்துக்குள் வரும்போது முகத்தில் ஆசிட் வீசுவோம் என்று அவருக்குக் கடிதம் வந்தது. ஆடத்தான் செய்தார்.

53 ஆண்டு

1978 நவம்பர் 29ஆம் தேதி வெம்ப்ளியில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராக விவ் ஆண்டர்சன் இங்கிலாந்து அணியில் இறங்கினார். தடுப்பாட்ட வீரர், இங்கிலாந்தின் முதன்மை தேசிய அணியின் முதல் கறுப்பின வீரர். லெஸ்லியின் பெயர் பட்டியலில் வந்து 53 ஆண்டு ஆகியிருந்தது. அணியைத் தேர்ந்தெடுத்தவர் அப்போதைய இங்கிலாந்து மேனேஜர் ரான் கிரீன்வுட். அதற்கு முன் வெஸ்ட் ஹாம் அணியின் மேனேஜராக இருந்தவரும் அவர்தான். லெஸ்லி பூட்ஸ் அறைக்கு வேலைக்கு வந்தது அவர் காலத்தில்தான். தேர்வு ஒரு தனி மனிதரின் பொறுப்பாக மாறிய பிறகுதான் இது நடந்தது என்பதையும் கவனிக்கலாம். குழுவுக்குப் பின்னால் ஒளிய முடியாது. எடுத்தாலும் விட்டாலும் பத்திரிகையாளர் கூட்டத்தில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகும் பாதை சுலபமாகவில்லை. 1982 பிப்ரவரியில் ஸ்ட்ரைக்கர் சிரில் ரெஜிஸ் முதல்முறையாக இங்கிலாந்துக்கு எடுக்கப்பட்டபோது, மிரட்டல் கடிதத்தோடு ஒரு துப்பாக்கித் தோட்டாவும் தபாலில் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் லக்ஸம்பர்க்குக்கு எதிராக லூதர் பிளிசெட் மூன்று கோல் போட்டார். இங்கிலாந்துக்காகக் கறுப்பின வீரர் ஒருவர் போட்ட முதல் கோல்கள் அவை. லெஸ்லி அப்போது உயிரோடு இருந்தார்.

கௌரவத் தொப்பி எதை மாற்றுகிறது?

2020இல் லெஸ்லிக்குச் சிலை வைக்க ஒரு இயக்கம் தொடங்கியது. ஆர்கைல் ரசிகர்கள் ஆரம்பித்ததுதான். ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் மக்களிடமிருந்தே சேர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அடிமை வியாபாரம் செய்த ஜான் ஹாக்கின்ஸ் பெயரில் பிளிமத்தில் ஒரு சதுக்கம் இருந்தது. அதற்கு லெஸ்லியின் பெயரை வைக்க நகர மன்றம் அதே ஆண்டு முன்வந்ததும், அதற்கு எதிர்ப்பு கிளம்பி வழக்கு வரை போனதும் செய்திகளில் அடிபட்டன. 2022 அக்டோபரில் ஆர்கைலின் ஹோம் பார்க் மைதானத்துக்கு வெளியே சிலை திறக்கப்பட்டது. அதையொட்டியே, வரலாற்றுத் தவறைச் சரிசெய்வதாகச் சொல்லிக் கால்பந்து சங்கம் கௌரவத் தொப்பியை அறிவித்தது.

இனி தொடக்கத்தில் எழுந்த கேள்விகளுக்கு வரலாம்.

1. ஆடாதவருக்குத் தொப்பி என்பது விதிப்படி வராது. அதனால்தான் 'கௌரவ' என்ற அடைமொழி. ஆட்டப் பதிவேட்டில் எந்த எண்ணும் மாறவில்லை. லெஸ்லியின் சர்வதேச ஆட்டக் கணக்கு இன்றும் பூஜ்யம்தான்.

2. 1925இல் அவர் பெல்ஃபாஸ்டுக்குப் போயிருந்தாலும் களத்தில் இறங்கியிருப்பார் என்று உறுதி சொல்ல முடியாது. அவர் ரிசர்வ். ஆகவே 'பறிக்கப்பட்டது' என்று நாம் சொல்வது கறாராக ஒரு ஆட்டத்தை அல்ல, அணியோடு போகும் உரிமையையும் அதற்குப் பிறகு வந்திருக்கக்கூடிய வாய்ப்புகளையும். சில செய்திகள் இந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டு, அவர் பதினொருவரில் ஒருவராக இருந்ததுபோல எழுதுகின்றன. அநீதியைப் பெரிதாக்கிக் காட்ட அது தேவையில்லை. உள்ளபடியே போதுமான அளவு பெரிது.

3. முதல் கறுப்பின இங்கிலாந்து வீரர் என்ற இடம் விவ் ஆண்டர்சனுடையதுதான். வெள்ளையரல்லாத முதல் வீரர் யார் என்று கேட்டால் கணக்கு இன்னும் சிக்கல்: சீனத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த ஃபிராங்க் சூ, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்துக்கு ஒன்பது ஆட்டம் ஆடினார். ஆனால் போர்க்கால ஆட்டங்களுக்கு முழு அங்கீகாரம் கிடையாது என்பதால் அவர் கணக்கிலும் தொப்பி இல்லை.

4. சங்கம் பழைய கோப்புகளிலிருந்து புதிய காகிதம் எதையும் கண்டெடுத்து இந்த முடிவுக்கு வரவில்லை. மேலே உரசிப் பார்த்த அதே சாட்சியங்கள்தான் அவர்கள் கையிலும் இருந்தன: பத்திரிகைப் பட்டியல்கள், விடுபட்ட பெயர், ஒரு முதியவரின் வாக்குமூலம். அந்த வாக்குமூலம் 1978லேயே அச்சில் வந்துவிட்டது. அதன் பிறகு பத்து ஆண்டு லெஸ்லி உயிரோடு இருந்தார். அந்தப் பத்து ஆண்டில் எந்த நாளிலும் தொப்பியை அவர் கையிலேயே கொடுத்திருக்க முடியும்.